கார் நடுவழியில் நின்றுவிட்டது, நாளைக்கு வேலைக்கு எப்படிப் போவது?

வாசகர் கேள்வி, 9 அக்டோபர் 2025

சென்னைக்குப் பக்கத்தில் பெருங்களத்தூரிலிருந்து சிறுசேரி சிப்காட் ஐ.டி. பூங்காவுக்குத் தினமும் காரில் போய் வருகிறேன். நேற்று காலை கண்டிகை தாண்டியதும் கிளட்ச் போய்விட்டது. ஷெட்டில் எட்டு நாள் ஆகும் என்கிறார்கள். தீபாவளி நேரம், சாமான் வர வேண்டுமாம். என்னால் லீவும் போட முடியாது. "எட்டு நாள்தானே, கேப் போட்டே சமாளிச்சிடலாம்" என்று வீட்டில் சொல்கிறார்கள். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. இதே ரூட்டில் போகிறவர்கள் சொல்லுங்கள்.

9 அக்டோபர், இரவு 10.15

எட்டு நாளும் கேப் என்று முடிவு செய்யாதீர்கள். நானும் அதே ரோட்டில்தான் போகிறேன். வீடு ஊரப்பாக்கம், வேலை சிறுசேரி. என் கார் இந்தத் திங்கட்கிழமை மாம்பாக்கத்தில் நின்றது. செவ்வாயும் புதனும் கேப்பில் போய் வந்தேன். செவ்வாய் போக 640, வர 710. புதன் போக 660, வரும்போது மழை, 880. இரண்டு நாளில் 2,890 ரூபாய்.

பணம்கூடப் பரவாயில்லை. புதன் காலை மூன்று டிரைவர்கள் வரிசையாகப் போன் செய்து, "எங்க போகணும், கேஷா?" என்று கேட்டுவிட்டு ரத்து செய்தார்கள். நான் சம்பளப் பட்டுவாடா பிரிவில் இருக்கிறேன். தீபாவளி போனஸ் பட்டியல் இந்த வாரம் வங்கிக்குப் போயாக வேண்டும். 9.30-க்கு இருக்க வேண்டியவள் 10.50-க்குப் போய் நின்றேன். நமக்கு வேண்டியது வேகம் இல்லை, இத்தனை மணிக்குப் போய்ச் சேர்வோம் என்கிற உறுதி. அது கேப்பில் கிடைக்கவில்லை.

இன்று பஸ்ஸில் போனேன். 515, தாம்பரத்திலிருந்து மாமல்லபுரம் போகிறது. வண்டலூர், கண்டிகை, மாம்பாக்கம், கேளம்பாக்கம் வழி. கேளம்பாக்கத்தில் இறங்கி ஷேர் ஆட்டோ. வீட்டு வாசலிலிருந்து என் நாற்காலி வரைக்கும் ஒரு மணி ஐம்பது நிமிடம். காரில் ஒரு மணி நேரம்தான். ஆனால் 9.20-க்கு உள்ளே இருந்தேன். விவரமாக சனிக்கிழமை எழுதுகிறேன்.

10 அக்டோபர், காலை 7.05

ரயிலில் இருந்து எழுதுகிறேன். நேற்று சொல்ல விட்டது ஒன்று. உங்கள் இன்ஷூரன்ஸ் பாலிசியை எடுத்து, ரோட்சைடு அசிஸ்டென்ஸ் என்று ஒரு வரி இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். எனக்கு இருந்திருக்கிறது. இரண்டு வருடமாகப் பணம் கட்டியிருக்கிறேன், ஒரு நாளும் கவனித்ததில்லை. செவ்வாய்க்கிழமை சர்வீஸ் சென்டர் வரைக்கும் வண்டியை ஏற்றிப்போனது அந்தக் கணக்கில்தான், கையிலிருந்து ஒரு ரூபாய் போகவில்லை. ரெக்கவரி வண்டி வர ஒரு மணி ஐம்பது நிமிடம் ஆனது, ஆனால் வந்தது.

11 அக்டோபர், சனி மதியம்

இன்று விடுமுறை. நடந்ததை முழுக்கச் சொல்கிறேன். நான் எங்கே தவறு செய்தேன் என்பது எனக்கே இப்போதுதான் புரிகிறது.

1-ஆம் தேதி ஆயுத பூஜைக்குக் காரைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி எடுத்தோம். அதற்கு ஐந்தாம் நாள் திங்கட்கிழமை. வண்டலூர் பூங்காவைத் தாண்டி கொளப்பாக்கம் வரும்போது டேஷ்போர்டில் சிவப்பாகப் பேட்டரி படம் எரிந்தது. பேட்டரிக்கு மூன்றரை வருடம் ஆயிற்று, பழசாகிவிட்டது, சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டேன். ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. போன் சார்ஜில் இருந்தது. தூறலுக்கு வைப்பர் போட்டிருந்தேன். கண்டிகை தாண்டும்போது வைப்பர் தூக்கக் கலக்கத்தில் ஆடுவது போல மெதுவாகிவிட்டது. அப்புறம் ஸ்டீயரிங் கனத்தது. மாம்பாக்கம் வருவதற்குள் இன்ஜின் அணைந்தது.

இன்ஜின் ஓடும்போது எரிகிற அந்தச் சிவப்பு விளக்கு, பேட்டரிக்கு வயதாகிவிட்டது என்று சொல்வதில்லை. பேட்டரிக்குக் கரண்ட் வரவில்லை என்று சொல்கிறது. கரண்ட் தயாரிப்பது ஆல்டர்நேட்டர், நம் ஊர் ஷெட்டில் டைனமோ என்பார்கள். அது நின்றுவிட்டால் வண்டி பேட்டரியில் இருக்கிற சேமிப்பை மட்டும் வைத்து ஓடும். ஏ.சி., வைப்பர், லைட், போன் சார்ஜர் எல்லாம் அந்தச் சேமிப்பைத்தான் குடிக்கும். விளக்கு எரிந்தவுடன் தேவையில்லாததையெல்லாம் அணைத்துவிட்டால் இன்னும் கொஞ்ச தூரம் போகலாம். வண்டலூர் பக்கமே திரும்பியிருந்தால் வீடாவது போய்ச் சேர்ந்திருப்பேன்.

டீக்கடையிலிருந்து நாலு பேர் வந்து தள்ளினார்கள். நூறு மீட்டர் தள்ளியும் பிடிக்கவில்லை. பிடிக்காது. இந்தக் காலத்துக் காரில் பெட்ரோல் பம்புக்கும் இன்ஜெக்‌ஷனுக்கும் கரண்ட் வேண்டும். பேட்டரி ஒட்டுமொத்தமாக வற்றிவிட்டால் தள்ளி ஒன்றும் ஆகாது. எங்கள் அப்பாவின் மொபெட்டில் பேட்டரியே கிடையாது, மிதித்தால் ஓடும். அதையே பார்த்து வளர்ந்ததால், தள்ளினால் எந்த வண்டியும் கிளம்பிவிடும் என்று நம்பியிருந்தேன்.

பக்கத்தில் இருந்த மெக்கானிக் வந்தார், பானெட்டைத் திறந்தார், "பேட்டரி செத்துருச்சு மேடம்" என்றார். மணி 8.20. போனஸ் பட்டியல் என் கணினியில் இருக்கிறது. வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை. பழையதைக் கொடுத்துவிட்டு 5,200 ரூபாய்க்குப் புதுசு போட்டேன். வண்டி கிளம்பியது. விளக்கு மட்டும் அணையவில்லை. கேட்டேன். "ஓட ஓட அணைஞ்சிரும்" என்றார். வேலைக்குப் போய், இரவு ஹெட்லைட் போட்டு வீடு வந்தேன். செவ்வாய்க் காலை சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஒரு நாள் வயதான பேட்டரி காலி.

பக்கத்து வீட்டுத் தம்பி பாலிடெக்னிக் படிக்கிறான். மல்டிமீட்டர் எடுத்துவந்து அவன் பேட்டரியில் இருந்து ஒயர் கொடுத்து வண்டியைக் கிளப்பிப் பார்த்தான். இன்ஜின் ஓடும்போது 13.8-லிருந்து 14.4 வோல்ட்டுக்குள் காட்ட வேண்டும். என் வண்டியில் 11.9 காட்டியது. "அக்கா, டைனமோ சார்ஜே பண்ணல" என்றான். பார்க்க ஆன நேரம் இரண்டு நிமிடம்.

அந்த மெக்கானிக் ஏமாற்றினார் என்று நான் சொல்லவில்லை. பேட்டரி வற்றியிருந்தது, அதை அவர் பார்த்தார். ஏன் வற்றியது என்று கேட்கிற பொறுமை எனக்கு அந்த நேரத்தில் இல்லை. இதைத்தான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல வந்தேன். நீங்கள் வேலைக்குப் போய்ச் சேர்வது ஒரு வேலை, காரைச் சரிசெய்வது வேறொரு வேலை. இரண்டையும் ஒரே நேரத்தில், ரோட்டோரத்தில் நின்றுகொண்டு முடிக்கப் பார்த்தால் இரண்டும் கெட்டுவிடும். காரைப் பத்திரமான இடத்தில் ஓரம் கட்டிப் பூட்டுங்கள், பஸ் ஏறி வேலைக்குப் போங்கள், சாயங்காலம் வந்து நிதானமாகக் காரைப் பாருங்கள். மாம்பாக்கத்தில் என் காருக்கு முன்னாலேயே ஒரு 515 நின்று ஆள் ஏற்றிக்கொண்டு போனது. அது எனக்கான பஸ் என்றே எனக்குத் தோன்றவில்லை.

12 அக்டோபர், காலை

இப்போது பஸ் விவரம்.

வண்டலூரில் ஏறாதீர்கள். காலையில் 515 அங்கே வரும்போதே படிக்கட்டு வரை நிற்பார்கள். நான் வியாழக்கிழமை அங்கே ஏறினேன், கேளம்பாக்கம் வரை நின்றேன். வெள்ளிக்கிழமை வேறு மாதிரி செய்தேன். ஊரப்பாக்கத்தில் மின்சார ரயில் ஏறி வண்டலூர், பெருங்களத்தூரைத் தாண்டி தாம்பரம் போய், பஸ் கிளம்புகிற இடத்திலேயே ஏறினேன். போக வேண்டிய திசைக்கு எதிர்த் திசையில் போவது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். ரயிலுக்கு 5 ரூபாய், கால் மணி நேரம், பதிலுக்கு ஜன்னலோர சீட். உங்களுக்குத் தாம்பரம் அடுத்த ஸ்டேஷன்தான், இன்னும் சுலபம்.

கேளம்பாக்கத்தில் இறங்கினால் ஓ.எம்.ஆரில், அதாவது பழைய மாமல்லபுரம் ரோட்டில், வடக்கே போகிற பஸ்ஸோ ஷேர் ஆட்டோவோ கிடைக்கும். சிப்காட் வாசலிலிருந்து உங்கள் கட்டடம் எவ்வளவு தூரம் என்பதைக் கணக்கில் சேருங்கள். என்னுடையது ஒன்றரை கிலோமீட்டர். வெயிலில் நடந்தால் வியர்த்துக்கொட்டுகிறது. பையில் இன்னொரு ஜாக்கெட் பிட்டும் சின்னத் துண்டும் வைத்துக்கொண்டேன்.

டிக்கெட்டுக்குச் சில்லறை தேட வேண்டாம். போன மாதம் 22-ஆம் தேதி வந்த சென்னை ஒன் செயலியில் மாநகரப் பஸ், மின்சார ரயில், மெட்ரோ மூன்றுக்கும் கியூஆர் டிக்கெட் எடுக்கலாம். பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண பஸ்ஸில் டிக்கெட் இலவசம், தெரிந்ததுதான். எந்த பஸ் வருகிறது என்று முன்பக்கத்தைப் பார்த்து ஏற வேண்டும்.

12 அக்டோபர், இரவு

காலையில் எழுதியதில் ஒரு பிழை. 'ஜாக்கெட் பிட்' என்று எழுதிவிட்டேன். தைத்த ஜாக்கெட்டைத்தான் சொன்னேன். தோழி ஒருத்தி படித்துவிட்டு, "பஸ்ஸிலேயே தைச்சுப் போட்டுக்குவியா?" என்று கேட்டாள். சிரித்து முடிக்க ஐந்து நிமிடம் ஆனது.

13 அக்டோபர்

நேற்று முன்தினம் நான் எழுதிய ஒன்றை இங்கே ஒருவர் திருத்தியிருக்கிறார். அவர் சொல்வது சரி. நான் எழுதியது ஆபத்தாகக்கூட ஆகலாம், அதனால் தனியாகச் சொல்கிறேன்.

பேட்டரி விளக்கு எரிந்தால் தேவையில்லாததை அணைத்துவிட்டுக் கொஞ்ச தூரம் போகலாம் என்றேன். அது ஆல்டர்நேட்டர் மட்டும் கெட்டிருந்தால்தான். பெல்ட் அறுந்திருந்தாலும் அதே விளக்குதான் எரியும். பல கார்களில் அதே பெல்ட்தான் தண்ணீர் பம்பையும் சுற்றுகிறது. பெல்ட் போனால் தண்ணீர் ஓடாது, இன்ஜின் சூடேறும், ஐந்து நிமிடம் கூடுதலாக ஓட்டினால் ஹெட் கேஸ்கட் வரைக்கும் செலவு இழுத்துவிடும். அதனால் விளக்கு எரிந்ததும் முதலில் டெம்பரேச்சர் முள்ளைப் பாருங்கள். ஏறுகிறது என்றால் அங்கேயே நிறுத்துங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

அவர் இன்னொன்றும் சொன்னார். சில புதிய கார்களில் ஆல்டர்நேட்டரைக் கணினியே கட்டுப்படுத்துகிறது, அவற்றில் வோல்ட் சில நேரம் 13-க்குக் கீழேகூட இறங்கிக் காட்டும். என் வண்டி 2014. நான் சொன்ன எண் என் வண்டி மாதிரிப் பழசுக்குப் பொருந்தும். புதுசு என்றால் ஹெட்லைட், ஏ.சி. எல்லாம் போட்டுப் பார்த்து, தெரிந்தவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

14 அக்டோபர், இரவு

இன்ஷூரன்சில் ரிப்பேர் செலவு கிடைக்குமா என்று கேட்டவருக்கு: கிடைக்காது. விபத்து, திருட்டு, வெள்ளம் இவற்றுக்குத்தான் பாலிசி. தானாகக் கெட்டுப்போகிற இயந்திரக் கோளாறையும் மின்கோளாறையும் அதில் சேர்ப்பதில்லை. ரெக்கவரி வண்டி மட்டும், அதுவும் அந்தக் கூடுதல் வரி இருந்தால்.

சர்வீஸ் சென்டரிலிருந்து பதில் வந்துவிட்டது. ஆல்டர்நேட்டரை முழுசாக மாற்ற வேண்டும், 18,500, தீபாவளி முடிந்து 24-ஆம் தேதிக்கு மேல்தான். அவசரம் இல்லை, யோசித்துச் சொல்கிறேன் என்றேன். பஸ் இருக்கிறது என்ற தைரியத்தில் அப்படிச் சொல்ல முடிந்தது. போன திங்கட்கிழமை கேட்டிருந்தால் அதே நிமிடம் சரி என்றிருப்பேன்.

16 அக்டோபர், இரவு 9.30

வண்டி ஓடுகிறது!

எங்கள் தெருக்கோடியில் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் கடை, பெரியவர் ஒருவர் தனியாக நடத்துகிறார். டோ வண்டிக்கு 1,500 கொடுத்து அங்கே கொண்டுவந்தேன், இந்தத் தடவை என் காசு. அவர் டைனமோவைக் கழற்றிப் பிரித்துக் காட்டினார். கார்பன் பிரஷ் தேய்ந்து கட்டையாக இருந்தது. கட் அவுட்டும் போயிருந்தது, அதாவது வோல்ட்டை ஒழுங்குபடுத்துகிற ரெகுலேட்டர். காயில் நன்றாக இருக்கிறது, எதற்கு முழுசாக மாற்றுவது என்றார். புதுப்பேட்டை போய் சாமான் வாங்கி வந்து இரண்டே நாளில் முடித்துவிட்டார். 2,400 ரூபாய். மீட்டர் வைத்துக் காட்டினார், 14.1. எனக்குக் கண் கலங்கிவிட்டது. போனஸ் பட்டியலும் இன்று மதியம் போய்விட்டது.

முழுசாக மாற்றுவதற்கு முன் யாரையாவது பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். 18,500 எங்கே, 2,400 எங்கே.

18 அக்டோபர், சனி

கார் கைக்கு வந்த மறுநாளே, நேற்று, அதை வீட்டில் விட்டுவிட்டு பஸ்ஸில்தான் போனேன். தீபாவளிக்கு முந்தைய வெள்ளிக்கிழமை சாயங்காலம் வண்டலூரில் என்ன நடக்கும் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்ததிலிருந்து ஊருக்குப் போகிற கூட்டம் முழுக்க எங்கள் வாசலில்தான். பஸ் கொளப்பாக்கத்திலேயே நகராமல் நின்றது. இறங்கி நடந்து வண்டலூர் ஸ்டேஷன் போனேன், ஒரு நிறுத்தம் ரயில், வீடு. வண்டலூர் வழியாகப் போகிற ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலையில் காரோடு மாட்டியிருந்தால் எட்டு மணிக்கு வந்திருப்பேனா, பத்து மணிக்கா, தெரியாது. கையில் முறுக்கு மாவு வாங்க வேண்டிய பட்டியல் வேறு.

கண்டக்டர் என்னைப் பார்த்ததும், "என்னம்மா, இன்னும் வண்டி ரெடியாகலையா?" என்றார். ரெடியாகிவிட்டது என்றேன். "அப்புறம் ஏன் இங்க?" என்று கேட்டுவிட்டு உட்கார இடம் காட்டினார்.

19 அக்டோபர்

கேள்வி கேட்டவர் தனியாக எழுதியிருந்தார். மூன்று நாள் கேப், இரண்டு நாள் அலுவலக நண்பரின் பைக், அதற்குப் பிறகு 515. கிளட்ச் வேலை இன்னும் தொடங்கவில்லையாம். அவருக்கு நான் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். கிளட்ச் பிளேட்டை மட்டும் மாற்றினால் போதும் என்று யாராவது சொன்னால் அவசரப்படாதீர்கள். கிளட்ச் வேலையில் பாதிக் கூலி கியர்பாக்ஸை இறக்கி ஏற்றுவதற்குத்தான். அதை இறக்கிய நேரத்திலேயே பிரஷர் பிளேட்டையும் ரிலீஸ் பேரிங்கையும் பார்த்து, தேய்ந்திருந்தால் சேர்த்து மாற்றிவிட வேண்டும். இல்லையென்றால் ஆறு மாதம் கழித்து அதே கூலியை இன்னொரு தடவை கொடுக்க வேண்டியிருக்கும். மாற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இனிய தீபாவளி வாழ்த்துகள் எல்லோருக்கும்.

25 அக்டோபர்

16-ஆம் தேதி எழுதியதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன், முழுசாக இல்லாவிட்டாலும் பாதியாவது.

மூன்று நாளாகப் பானெட்டுக்குள் 'கிர்ர்' என்று ஒரு சத்தம். வேகம் கூடினால் சத்தமும் கூடுகிறது. பெரியவரிடம் கொண்டுபோனேன். காதில் ஸ்க்ரூடிரைவர் பிடியை வைத்து, நுனியை டைனமோ மேல் வைத்துக் கேட்டார். பேரிங் என்றார். பதினொரு வருடப் பேரிங், பிரித்து மாட்டியதும் குரல் கொடுக்கிறது. "அன்னிக்கே மாத்திடலாம்னு சொல்லிருக்கணும்மா, உங்களுக்குச் செலவு வைக்க வேணாம்னு விட்டுட்டேன்" என்று சொன்னபோது அவர் முகம் வாடிவிட்டது. இன்னும் 1,100 ரூபாய், வண்டி இன்னும் இரண்டு நாள் அங்கேதான்.

ஆக மொத்தக் கணக்கு: டோ 1,500, முதல் வேலை 2,400, பேரிங் 1,100. ஐயாயிரம். 18,500 கேட்ட சர்வீஸ் சென்டர் புது ஆல்டர்நேட்டர் போட்டு, உத்தரவாதமும் கொடுத்து, ஒரே தடவையில் முடித்திருப்பார்கள். பேரிங் பிரச்சினையே வந்திருக்காது. அவர்கள் கொள்ளையடிக்கப் பார்த்தார்கள் என்பது போல நான் எழுதிய தொனி தப்பு. பதினொரு வருட வண்டிக்கு நான் ரிப்பேரைத் தேர்ந்தெடுப்பேன், இன்றைக்கும். ஐந்து வருட வண்டி வைத்திருக்கிறவர், தினமும் நூறு கிலோமீட்டர் ஓட்டுகிறவர், புதுசு போடுவதுதான் சரி. சொந்தக் கதையை எல்லோருக்கும் விதி மாதிரி எழுதியிருக்கக் கூடாது.

கிளட்சைப் பற்றி 'இறக்கிய நேரத்திலேயே மற்றதையும் பாருங்கள்' என்று 19-ஆம் தேதி இன்னொருவருக்கு எழுதினேன். என் டைனமோவைப் பிரித்தபோது அதே கேள்வியை நான் கேட்கவில்லை.

27 அக்டோபர், காலை

515. ஜன்னலோர சீட். வண்டி நாளைக்குத்தான்.

2 நவம்பர்

இரவு வேலை முடிந்து வருகிற பெண்கள் என்ன செய்வது என்று ஒரு தங்கை கேட்டிருந்தார். இதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

எனக்கு ஏழு மணிக்கு மேல் ஆகிவிட்டால் கேளம்பாக்கம் ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்பது பிடிக்கவில்லை. மாம்பாக்கத்துக்கும் கண்டிகைக்கும் நடுவில் சில இடங்களில் வெளிச்சம் குறைவு. அந்த நாட்களில் மட்டும் கேப் வைத்துக்கொண்டேன், காலையில் பஸ், இரவில் கேப். முதல் நாள் நான் எழுதிய 'கேப் வேண்டாம்' என்பதை இப்படித் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். இரவுப் பணிப் பெண்களை அலுவலகமே வீடு வரை கொண்டுவிடும் ஏற்பாடு பல இடங்களில் உண்டு, அதைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். பெண்களுக்கான உதவி எண் 181, அவசரத்துக்கு 112. இரண்டையும் போனில் பதிந்துவையுங்கள்.

கார் இரவில் நின்றுவிட்டால்: முடிந்தவரை இடது ஓரம், முடிந்தால் ஒரு பெட்ரோல் பங்க் அல்லது கடை வெளிச்சம் வரை உருட்டிவிடுங்கள். நாலு இண்டிகேட்டரையும் எரியவிடுங்கள். பேட்டரியே இல்லாத என் மாதிரி நிலைமையில் அதுவும் எரியாது. அதனால்தான் பிரதிபலிக்கிற முக்கோணம் வேண்டும். வண்டிக்கு ஒட்டினாற்போல் வைத்தால் பயனில்லை, ஐம்பது அடியாவது பின்னால் தள்ளி வைக்க வேண்டும். மாம்பாக்கத்தில் என்னிடம் அது எங்கே இருக்கிறது என்றே எனக்குத் தெரியவில்லை. ஒரு லாரி டிரைவர் அண்ணன் வேப்பங்கொத்து ஒடித்துக் காருக்குப் பின்னால் ரோட்டில் வைத்துவிட்டுப் போனார். லாரிக்காரர்களிடம் இருந்து எல்லோரும் கற்றுக்கொண்ட வழக்கம், பகலில் உதவும். கல்லை மட்டும் வைக்காதீர்கள். வண்டி கிளம்பினால் கல் அங்கேயே கிடக்கும், அடுத்த பைக்காரர் விழுவார்.

3 நவம்பர்

நேற்று ஐம்பது அடி என்று எழுதினேன். வேகமான ரோட்டில் அது போதாது, ஐம்பது மீட்டர் என்று படியுங்கள். ஜி.எஸ்.டி. ரோடு மாதிரி தேசிய நெடுஞ்சாலையில் நின்றால் 1033-க்குக் கூப்பிடலாம், நெடுஞ்சாலை ஆணையத்தின் உதவி எண். வண்டலூர்–கேளம்பாக்கம் ரோடு அதில் வராது. காருக்குள் உட்கார்ந்திருக்காமல் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் நில்லுங்கள்.

9 நவம்பர்

மழை பிடித்துக்கொண்டது, அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். தேங்கின தண்ணீருக்குள் வண்டி அணைந்துவிட்டால் திரும்பச் சாவியைத் திருப்பாதீர்கள். காற்று போகிற வழியாகத் தண்ணீர் இன்ஜினுக்குள் போயிருந்தால், சுற்றின மறுகணம் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். தள்ளி மேடேற்றிவிட்டு ஷெட்டுக்குச் சொல்லுங்கள். இன்ஜின் பாதுகாப்பு என்று தனியாக எடுத்திருந்தால் ஒழிய, தண்ணீரில் ஸ்டார்ட் செய்து கெட்ட இன்ஜினுக்கு இன்ஷூரன்ஸ்காரர்கள் கையை விரிப்பார்கள். மழைக்கு வெள்ளம் புகுகிற முடிச்சூர் பக்கம் இருக்கிறவர்களுக்கு இது நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வேறு பக்கத்திலிருந்து புதிதாகக் குடிவந்தவர்களுக்காக எழுதினேன்.

16 நவம்பர்

கேள்வி கேட்டவரின் கார் முந்தாநாள் கைக்கு வந்துவிட்டது. எட்டு நாள் என்றது ஐந்து வாரம் ஆகியிருக்கிறது. மூன்று சாமானும் சேர்த்தே மாற்றியிருக்கிறார், பழைய பிளேட்டின் படம் அனுப்பியிருந்தார், ரிவிட் வரைக்கும் தேய்ந்திருக்கிறது.

என் வண்டி நன்றாக ஓடுகிறது. செவ்வாயும் வியாழனும் மட்டும் 515 என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். வாரத்தில் மூன்று நாள் ஓட்டினால் போதும் என்று உடம்பு சொல்கிறது, வலது முழங்கால் வலி குறைந்திருக்கிறது. அதோடு ரூட் மறக்காது. காலை 7.20 ரயிலை விட்டால் அடுத்தது எது, எந்த நாளில் கேளம்பாக்கத்தில் ஷேர் ஆட்டோ வராது, இதெல்லாம் போய் வந்தால்தான் கையில் இருக்கும். கார் இன்னொரு தடவை நிற்கும், பதினொரு வருட வண்டி.

23 நவம்பர்

டிக்கியில் இப்போது என்ன வைத்திருக்கிறேன் என்று கேட்டவருக்கு: முக்கோணம், ஜம்பர் ஒயர், டார்ச், குடை, ஒரு ஜோடி சாதாரணச் செருப்பு, 450 ரூபாய்க்கு வாங்கின மல்டிமீட்டர். ஒயரைக் கொடுக்கிற முறையை ஒரு தாளில் எழுதி அதோடு சுற்றிவைத்திருக்கிறேன். சிவப்பு முதலில் காலியான பேட்டரியின் பிளஸ்ஸில், அப்புறம் நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில். கறுப்பு நல்ல பேட்டரியின் மைனஸில், கடைசி முனை காலியான வண்டியின் பேட்டரியில் இல்லை, இன்ஜினில் பெயின்ட் இல்லாத இரும்பில், பேட்டரிக்குத் தள்ளி. எடுக்கும்போது அப்படியே தலைகீழாக.

மீட்டரை ஞாயிற்றுக்கிழமைதோறும் வைத்துப் பார்க்கிறேன். இன்று காலை 14.0. பக்கத்து வீட்டுத் தம்பி மதில் மேலிருந்து, "எவ்ளோ அக்கா?" என்று கேட்டான்.